பக்கத்து சீட்டு பிரேக்

என் வலது காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கலாட்டாவும் அதனால்தான்.

பதினொரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் பயிற்சிக் கார்களில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற எனக்கு ஒரு பிரேக். அவர் சொதப்பினால் நான் மிதிப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் நாலு மாதமாகக் கால் என் பேச்சைக் கேட்பதே இல்லை. தெருமுனை வந்தால் மிதிக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலும் மிதிக்கிறது. காருக்கு வெளியேயும் இதே கதைதான்: பஸ்ஸில் மிதிக்கிறது, பல் டாக்டர் நாற்காலியில் மிதிக்கிறது. சினிமா தியேட்டரில் கதாநாயகன் மலைப்பாதையில் காரைத் திருப்ப, என் கால் போய் முன்சீட்டுக்காரரின் முதுகில் இடித்தது. அவர் எழுந்து நின்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். என் கணவர் என்னை முன்பின் தெரியாதவர் மாதிரி பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்.

அதுவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. போன மாதம் என்னிடம் படித்த மூன்று பேர் லைசன்ஸ் டெஸ்ட்டில் வரிசையாகத் தோற்றார்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில். அதிகாரி நிறுத்தச் சொன்னதும் அவர்கள் நிறுத்தவில்லையாம், வேறு யாரோ நிறுத்தப்போகிறார்கள் என்பதுபோல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்களாம். போதாக்குறைக்கு எங்கள் மெக்கானிக், என் பக்கத்துப் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டதாக முதலாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்.

முதலாளியும் ஒரு காலத்தில் இருபது வருடம் இதே சீட்டில் உட்கார்ந்தவர். ஒருநாள் திடீரென்று சாவியை வைத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டார், ஏன் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் முடியாது. அப்படிப்பட்ட மனிதர் அந்த ரப்பரை என் முன்னால் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை உன் நாத்தனாருக்கு டெஸ்ட். அவங்களும் இதே மாதிரி திரும்பி வந்தா, நீ இனிமே கார்ல ஏற வேணாம். இங்கே உக்காந்து ஃபோன் எடு."

நான் ஃபோன் எடுக்கிற ஜென்மம் இல்லை. முதல் நாள் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடிக்கிற ஒருவர், நாற்பதாம் நாள் ஒரு கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன் பாருங்கள், அதை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் கால்தான் பிரேக் போட்டது.

என் கணவரின் அக்காதான் அந்த நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கிளம்பியவர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அதற்கு மேல்மாடியில் ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார். அண்ணி என்னைக் கேட்காமலே செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டார். நான் குதித்தேன். எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். அண்ணி அசையவில்லை. "கவுன்சிலிங்தானே, ஊசிகூடக் கிடையாது," என்றார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்கு நான் பலமாகத் தயாரானேன். சோபாவில் படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்து ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுக்கொண்டேன். எல்லாப் பழியும் கடைசியில் அம்மா தலையில்தான் விழும் என்று யாரோ சொல்லியிருந்ததால், அம்மாவுக்கு ஆதரவாக ஐந்தாறு பாயிண்டுகள் மனப்பாடம் செய்தேன். அம்மா தினமும் ஃபோன் செய்கிறவள், எதற்கு வம்பு?

மேலே போனால் சோபாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு துணி மிதியடி, ஒரு டிஷ்யூ டப்பா, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம். தூக்கம் எப்படி, பசி எப்படி, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒரு படிவம். ஆலோசகர் என் வயதுப் பெண்தான். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசை மேல் தேடிக்கொண்டிருந்தார். இவரிடம் ரிவர்ஸ் எடுக்கக் கொடுக்கக் கூடாது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் அவர்தான் பேசினார். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது, யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் வேறு. ஐம்பது நிமிடம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு மூன்று தடவை ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளத்தான், இன்றைக்கே எல்லாம் தீர்ந்துவிடாது. என்னோடு ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஆளைப் பார்த்துத் தருகிறேன். கேட்கக் கேட்க எனக்கு ஒரே ஆச்சரியம். புது ஆட்களிடம் முதல் நாள் நான் சொல்வதும் இதேதான்: இது கிளட்ச், இது பிரேக், பயப்படாதீங்க, இன்னிக்கு மெயின் ரோட்டுக்குப் போக மாட்டோம். அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் கேள்விகள். வீட்டில் யார் யார் என்றார். சொன்னேன். வேலை பிடிக்குமா என்றார். ரொம்ப என்றேன். இது எப்போது ஆரம்பித்தது என்றார். நான் பெடல்களின் அமைப்பை விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். நான் டயர்களுக்குப் போனேன். அம்மா விஷயத்தை அவர் எடுக்கவே இல்லை, நானே எடுத்து மூன்று பாயிண்டுகளைச் சொல்லி முடித்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடுவில் கிடந்த மிதியடி முழுக்க மடங்கிச் சுருண்டு அவர் நாற்காலிக்கடியில் போய்ச் சேர்ந்திருந்தது.

"நான் எப்போ ஆரம்பிச்சதுன்னு கேட்டப்ப ரெண்டு தடவையும் பிரேக் போட்டீங்க," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் டப்பாவைக்கூட நகர்த்தவில்லை. அப்போது சொன்னேன்.

நாலு மாதம் முன்னால் ஒரு காலை. ஓட்டியவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். எதிரே பை வைத்திருந்த ஒரு மனிதர். நான் மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. அந்த மனிதர் எங்களைப் பார்த்தார், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார், போய்விட்டார். திட்டக்கூட இல்லை. நாங்கள் பாக்கிப் பாடத்தை முடித்தோம். நான் வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டேன், மதியம் சாப்பிட்டேன்.

"ஒண்ணும் நடக்கல," என்றேன். "அதான் யார்கிட்டயும் சொல்லல. நடக்காத ஒண்ணுக்கு பயந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"விபத்து நடக்கல. ஆனா நீங்க பயந்தீங்களே, அது நடந்துச்சே."

டிஷ்யூவை நானே எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒரு பயிற்சி கொடுத்தார். உண்மையான ஆபத்தென்றால் தாராளமாக மிதியுங்கள், அது உங்கள் வேலை. மற்ற நேரத்தில் கால் துடித்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், பயமா இருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இவ்வளவுதானா, எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், அடுத்த செவ்வாய் பார்ப்போம் என்றார். நான் எல்லோரிடமும் சொல்லும் அதே பதில். அடுத்தவர் சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

கீழே அண்ணி பயிற்சிக் காரில், ஓட்டுகிற சீட்டில், பெல்ட் போட்டுத் தயாராக இருந்தார். என் வீங்கிய கண்களைப் பார்த்தார், சாவியைத் திருப்பினார். வண்டி நகர்ந்தது. முதல் தெருமுனை வந்தது.

"பயமா இருக்கு," என்றேன்.

"எனக்கும்," என்றார் அண்ணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான், எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. பஸ் வந்தால் நான் பயமா இருக்கு என்பேன், அவர் எனக்கும் என்பார். லாரிக்கு ஒரு தடவை, சிக்னலுக்கு ஒரு தடவை. ஓரமாக நின்ற குப்பைத் தொட்டிக்கும் சொன்னேன். அது நகராதே என்றார். நகராது, இருந்தாலும் அதன் முழியே சரியில்லை என்றேன். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் பைக்கில் வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கியே போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டி குறுக்கே வந்தது. தள்ளுகிறவர் பெட்டிகளுக்குப் பின்னால் தெரியவே இல்லை. என் வாய் திறந்தது. கார் நின்றது.

குனிந்து பார்த்தேன். என் கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது, மிதிக்கவில்லை.

"நான்தான் போட்டேன்," என்றார் அண்ணி. அவர் முகம் பூரித்திருந்தது. "மூணு மாசமா படிக்கிறேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா நானே பிரேக் போட்டிருக்கேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, அதனால்தான் சுருக்கென்றது. மூன்று பேர் ஏன் தோற்றார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களுடைய பிரேக்கை எல்லாம் நானே போட்டுவிட்டிருந்தேன். பின்னால் ஹாரன் கதறியது. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்று அண்ணி கேட்டார். வீடு வரும்வரை போட்டுக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்றேன். முதலாளியும் வந்து பக்கத்தில் நின்றார். உள்ளே அண்ணி எட்டுப் போட்டு முடித்து, நேர்கோட்டில் வேகமெடுத்தார். கோட்டின் கடைசியில்தான் அதிகாரி நிறுத்தச் சொல்வார்.

"பயமா இருக்கு சார்," என்றேன்.

அதிகாரியின் கை உயர்ந்தது. கார் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே பூப்போல நின்றது. ஜன்னல் வழியாக அண்ணியின் கட்டைவிரல் எழுந்தது. நான் துள்ளிக் குதிக்கப் போய்க் கீழே பார்த்தேன். என் செருப்பு மண்ணில் ஒரு குழி பறித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி, என்னுடையதைவிட ஆழமாக. அதில் முதலாளியின் வலது ஷூ.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் இதை யார்கிட்டயும் சொல்லாம மேசைக்குப் போயிட்டேம்மா," என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இந்த முறை எதற்கும் பிரேக் போடவில்லை. அவர் கையைப் பிடித்து, ஊசிகூடக் கிடையாது சார் என்றேன்.