எதிர்ப்பக்கம் சுற்றும் எஞ்சின்

அடுத்த வீட்டு விஷயம்தான். ஆனால் படகுத்துறைக்கே தெரிந்துவிட்டதைத் தெருவுக்கு மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? தையற்கடைக்காரியின் புருஷனும் அவள் தங்கை புருஷனும் பதினாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம், ஒரு நங்கூரம்.

இரண்டு பெண்களுக்கும் பொதுவாக அப்பா விட்டுப்போனது ஒரு பழைய உல்லாசப் படகு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேஜை, திரும்பினால் முழங்கை இடிக்கிற சமையலறை. ஞாயிறு தவறாமல் இரண்டு குடும்பமும் அதில்தான். அப்படி ஒரு ஞாயிறு பெரிய மாப்பிள்ளை நங்கூரத்தைத் தூக்கிக் கொடுத்தார், சின்ன மாப்பிள்ளை தண்ணீரில் போட்டார். கயிற்றின் மறுமுனையை யாரும் எதிலும் கட்டியிருக்கவில்லை. நங்கூரம் போயிற்று, கயிறும் விசுவாசமாக அதன் பின்னாலேயே போயிற்று.

"கட்டிட்டுத்தானே கொடுப்பாங்க?" என்றார் சின்னவர்.

"பார்த்துட்டுத்தானே போடுவாங்க?" என்றார் பெரியவர். அன்றோடு சரி.

பெரியவர் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துவதால் தெரு அவருக்கு வைத்த பெயர் எல்-போர்டு. சின்னவர் பல் டாக்டர், அவர் குறடு. தனக்குப் பெயர் இருப்பது இருவருக்கும் தெரியாது. சகலைக்கு இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவர்கள் முறைத்துக்கொண்டதில் மாட்டிக்கொண்டவர்கள் அக்காவும் தங்கையும். இந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கக் கூடாது, அந்த வீட்டு வாசலை இவள் மிதிக்கக் கூடாது. தையற்கடைக்காரி, தன் புருஷன் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் தங்கைக்கு ஃபோன் போடுவாள். எல்-போர்டு குளிப்பது நாலு நிமிஷம். நாலு நிமிஷத்தில் உடன்பிறந்தவளிடம் என்னத்தைப் பேச?

இதற்கிடையில் கட்டிப்போட்ட படகின் இரண்டு எஞ்சினும் துருப்பிடித்து இறுகிவிட்டன. தரகர் மோப்பம் பிடித்து வந்தார். வித்துத் தொலைக்கலாம் என்றார் குறடு. பதினாலு மாதத்தில் முதல் தடவையாக எல்-போர்டும் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டார். தையற்கடைக்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். படகும் போனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக உட்கார ஓர் இடம் கிடையாது. ஆயுசுக்கும் நாலு நிமிஷம்தான்.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "ஏங்க, இடது எஞ்சினைச் சின்ன மாப்பிள்ளை புதுசா மாத்தறாராம். வலதை மாத்த உங்களுக்குத் தெம்பு இருக்காதுன்னு பேச்சு."

அதே நேரத்தில் இன்னொரு வீட்டில் தங்கை, இடம் வலம் மாற்றி, இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு நிமிஷத்தில் திட்டம் போடவும் முடியும் போலிருக்கிறது.

ரோஷம் வேலை செய்தது. ஆனாலும் எல்-போர்டு ஒரு கொக்கி போட்டார்: "ஓட்டிப் பார்க்கிற அன்னைக்கு நேரா போகலைன்னா, அங்கேயே தரகர்கிட்ட கையெழுத்து." குறடும் சரி என்றார்.

மெக்கானிக் காதில் பென்சில் செருகிய, அதிகம் பேசாத பெண். மேஜையைக் கழற்றினாள், தரைப் பலகையை அறுத்தாள், சங்கிலி போட்டு எஞ்சின்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். யானை யானையாக இரண்டும் கறுப்பு எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. அடியில் மூன்று ஸ்பூன், ஒரு சீப்பு. புதியவை பாதி உயரம்தான். அவற்றுக்குத் தோதாக அடித்தாங்கியைப் புதிதாகக் கட்டினாள். எல்லாம் ஒழுங்காகப் போனது, ஒரு கேள்வி கேட்கும் வரை.

"ரெண்டு ப்ரொபெல்லரும் எதிரெதிரா சுத்தணும். ஒரு பக்கத்தை மாத்தி அமைக்கணும். யாரோடதை?"

"ஊருக்கே நேரா ஓட்டக் கத்துக்கொடுக்கறவன் நான். என்னுது எதிர்ப்பக்கம் சுத்துமா? குறடோடதை மாத்து" என்றார் எல்-போர்டு.

"எதிர்த்துப் போறதெல்லாம் எல்-போர்டுக்குத்தான் பழக்கம். என்னுதுல கை வைக்காதே" என்றார் குறடு.

மெக்கானிக் தையற்கடைக்கு வந்தாள். வாயில் குண்டூசியோடு இருந்தவள், "ரெண்டையும் ஒரே மாதிரி போட்டுடும்மா, வம்பே வேண்டாம்" என்றாள்.

"போடறேன்க்கா. கியர் கேபிளை மட்டும் கழட்ட வசதியா விட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மெக்கானிக். அதென்ன வசதி என்று இவள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை. தரகர் எல்லோருக்கும் முன்னால் வந்து, காகிதப் பையை மடியில் வைத்துப் படகில் உட்கார்ந்திருந்தார். தையற்கடைக்காரி சுக்கானைப் பிடித்தாள். இந்தப் பக்கம் எல்-போர்டு, அந்தப் பக்கம் குறடு, ஆளுக்கொரு கியர். இருவரும் முன்னால் தள்ளினார்கள்.

படகு சுற்றியது. வாலைக் கடிக்கப் பார்க்கும் நாய் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. தரகர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அவ்வளவுதானாக்கா?" என்று தங்கை அவள் கையைப் பிடித்தாள். பெரியவள் கையை உதறிக்கொண்டு கீழே எஞ்சின் அறைக்கு இறங்கினாள்.

மெக்கானிக் குத்துக்காலிட்டு, ஸ்பானரோடு தயாராக இருந்தாள். "ப்ரொபெல்லர் ரெண்டும் இடது வலது ஜோடிக்கா, ஒரே பக்கமா சுத்தினா ஒண்ணு முன்னால தள்ளும், ஒண்ணு பின்னால இழுக்கும். நான் சொன்னா யாரு கேக்கறா? கண்ணால பார்க்கட்டும்னு விட்டேன்."

தையற்கடைக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டினால் அது சட்டையா? முப்பது வருஷமாகச் சட்டைக்குக் கை வெட்டுகிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே!

"கேபிளை மாத்திப் போட்டா எதிர்ப்பக்கமா சுத்தும், பத்து நிமிஷ வேலை. இந்த கியர் எந்தப் பக்கம் சுத்தினாலும் தாங்கும். பின்னால இழுக்கறதைத்தான் மாத்தணும், யாரோடதுன்னு தெரியுதா?"

அவள் மேலே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாயைத் திறக்காமல் விரலை மட்டும் நீட்டினாள்.

பத்து நிமிஷம் கழித்துக் கியர்களைத் தள்ளினார்கள். படகு முனகியது, மூக்கைத் தூக்கியது, கத்தரி வைத்த துணியைப் போலத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது. தரகர் பேனாவை மூடினார். இறங்குவதற்கு வழியில்லாததால் அவரும் உல்லாசமாக வந்துகொண்டிருந்தார்.

"யாரோடதை மாத்தின?" என்று கிசுகிசுத்தார் எல்-போர்டு.

"உங்களதுல கை வைப்பேனா?" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கம் போய்க் குறடிடமும், "உங்களதுல கை வைப்பேனா, மாப்பிள்ளை?" என்றாள்.

எல்-போர்டு ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தார். ஜெயித்தவனுக்கு வருகிற இரக்கம் வந்தது. "பரவாயில்ல தம்பி. எந்தப் பக்கம் சுத்தினாலும் தள்ளத்தானே செய்யுது."

குறடு அதைவிடப் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அதேதாண்ணே. நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க."

புது நங்கூரத்தை எடுத்தபோது கயிற்றின் மறுமுனையைப் பெரியவர் ஒரு தடவை கட்டினார். சின்னவர் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அக்காவும் தங்கையும் படகின் முனையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்கிட்டயாவது சொல்லுக்கா. யாரோடது?"

"சொல்றேன், சொல்றேன். அவசரமா என்ன? ரெண்டு பேரும் குளிக்கவா போயிருக்காங்க?"