பானெட்டில் சிக்கிய மாலை

ஆயுத பூஜை அன்று மண்டியில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள், வீரமலையைத் தவிர. அவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டி பிச்சைமுத்துவிடம் பதினான்கு வருஷமாக டிரைவர் அவன். போன தை மாதம் முதலாளி பழைய காரைத் தள்ளிவிட்டுப் புது அம்பாசிடர் வாங்கினார். கூடவே காட்டூரிலிருந்து ரெங்கராஜ் என்ற புது டிரைவரையும் அழைத்து வந்தார். வீரமலைக்குத் தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் வேன் கிடைத்தது. முதலாளி ரெங்கராஜை வாய் நிறையத் 'தம்பி' என்பார். பதினான்கு வருஷத்தில் வீரமலைக்குக் கிடைத்தது 'டேய்'தான். கார் போனால் போகட்டும், அந்தத் 'தம்பி'யைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

போன வருஷம் வரை காருக்குப் பூஜை போட்டது அவன் கை. இன்றைக்கு ரெங்கராஜ் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்தான். வீரமலை வேன் மேல் சாய்ந்து, குற்றம் கண்டுபிடிக்கவென்றே பார்த்தான். பயல் குற்றம் வைக்கவில்லை. காருக்குள்ளேயிருந்த பானெட் குமிழை இழுத்தான். முன்பக்கம் வந்து, ஒரு விரற்கடை எழும்பி நின்ற பானெட்டை இடது கையால் லேசாக அமுக்கி, வலது கை விரலை இடுக்கில் விட்டு உள்கொக்கியைத் தள்ளினான். தூக்கியதும் தாங்கு கம்பியை நிறுத்தி, அது உட்கார்ந்துவிட்டதா என்று அசைத்துப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே நீட்டினான். இஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தான். பானெட்டின் முன் விளிம்பில் செவ்வந்தி மாலை கட்டினான். மண்டியில் எதைக் கட்டினாலும் வாழை நார்தான். மாலையும் விரல் தடிமன் நாரில் தொடுத்ததுதான்.

"கற்பூரம் ஏத்தியாச்சு, வாப்பா தம்பி!" என்று முதலாளி கூப்பிட்டார்.

ரெங்கராஜ் அவசரமாகக் கம்பியை எடுத்து, பானெட்டை இறக்கி, இரண்டு கையாலும் அமுக்கினான். மூடியபின் ஒரு தரம் தூக்கிப் பார்க்க வேண்டும். அதை மட்டும் செய்யாமல் ஓடினான்.

வீரமலை பார்த்தான். நார் முடிச்சு சரியாகக் கொக்கி வாயில் சிக்கியிருந்தது. கொக்கி மாட்டாமல் பானெட் மேலுக்குத்தான் உட்கார்ந்திருந்தது. காற்று வேகமாக அடித்தால் எழும்பிக் கண்ணாடியில் அறையும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. நடுரோட்டில் திறந்துகொள்ளட்டும், தம்பியின் லட்சணம் ஊருக்கே தெரியட்டும் என்று இருந்துவிட்டான்.

நாலு மணிக்கு முதலாளியும் அவர் மனைவி ரெங்கம்மாளும் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார்கள்.

"பண்டிகை நாளும் அதுவுமா வீரமலை ஏன் தனியா நிக்கணும்? அவனும் வரட்டுமேங்க" என்றாள் ரெங்கம்மாள்.

"முன்னாடி உக்காருங்கண்ணே" என்று ரெங்கராஜ் கதவைத் திறந்துவிட்டான்.

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் வாயில் வரவில்லை. ஏறி உட்கார்ந்தான். சத்திரம் தாண்டும்வரை கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. சொல்லிவிடலாமா? 'எப்போ பார்த்தே?' என்று முதலாளி கேட்டால்? அவன் பானெட்டையே வெறித்தான். காவேரிப் பாலத்தில் ஏறியதும் காற்று குறுக்கே அடித்தது. கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பானெட் நடுங்கத் தொடங்கியது. பின்னால் ரெங்கம்மாள் யாருக்கெல்லாம் அர்ச்சனை செய்வது என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் தன் பெயரும் வந்ததை வீரமலை கேட்டான்.

"ரெங்கராஜ்! பிரேக்கை மிதிக்காதே! ஆக்ஸிலேட்டரை விட்டுரு. மெதுவா... மெதுவா ஓரம் கட்டு!" என்று வீரமலை கத்தினான்.

வண்டி நிற்கும் சமயத்தில் பானெட் ஒரு சாண் எழும்பி விழுந்தது. வேகத்தில் போயிருந்தால் கண்ணாடியை மறைத்திருக்கும், வண்டி கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கும். வீரமலை இறங்கி, பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து, நாரைப் பிடுங்கி எறிந்தான்.

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. ரெங்கராஜ் கையிலிருந்த சாவியைப் பறித்து வீரமலையிடம் கொடுத்தார்.

"இனிமே நீதான் இதை ஓட்டுற." ரெங்கராஜிடம் திரும்பினார். "நாளையிலேருந்து மண்டிப் பக்கம் வராதே."

ஒன்பது மாதமாக வீரமலை கனவு கண்ட வார்த்தை அது. ரெங்கராஜ் கிட்டே வந்தான். வீரமலையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்களாலதான் எல்லாரும் பிழைச்சோம்ண்ணே. என் தப்புதான். நான் தூக்கிப் பாத்திருக்கணும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எப்படிப்பா உனக்குத் தெரிஞ்சுது?" என்று ரெங்கம்மாள் கேட்டாள்.

பானெட் நடுங்கியதைப் பார்த்தேன் என்று சொன்னால் முடிந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் ரெங்கராஜ் கையை விடாமல் நின்றான். வீரமலைக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"மண்டியிலேயே பாத்தேன் அம்மா. மூடுறப்பவே பாத்துட்டேன். இவன்மேல இருந்த பொறாமையில சொல்லலை."

ரெங்கராஜ் கையை விட்டான்.

"நாங்க ஏறி உக்காந்தப்பவும் சும்மாதான் இருந்தியா?" என்றாள் ரெங்கம்மாள்.

முதலாளி திட்டுவார் என்று வீரமலை காத்திருந்தான். அவர் சாவியைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. எதிரே வந்த ஜட்காவைக் கைகாட்டி நிறுத்தித் திருப்பச் சொன்னார். மனைவியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். குதிரை ஸ்ரீரங்கத்தைப் பார்த்து ஓடியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரெங்கராஜ் பாலத்தில் வந்த வழியே நடந்துபோனான்.

வீரமலையின் கையில் அம்பாசிடரின் சாவி இருந்தது. ஏறி உட்காரத்தான் ஆள் இல்லை.