பவளப்பாறை இடுக்கில் ஒரு படகு

"சாய்க்காதீங்க மாமா! கப்பலெல்லாம் சரியுது!"

பாக்கியம் போட்ட சத்தத்தில் அப்பாசாமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மேசையின் மறுகோடியைப் பிடித்திருந்த மார்செல் மூச்சை அடக்கிக்கொண்டான். மேசையை மூடியிருந்த நீலத் துணிதான் கடல். அதன்மேல் வரிசையாக வைத்த பவளத் துண்டுகள் கரையைக் காக்கும் பாறை. பாறைக்கு உள்ளும் வெளியும், சவுக்கு மரத்தில் செதுக்கிய போர்க்கப்பல்கள், பெரியது கட்டைவிரல் அளவு.

"சாகக் கிடக்கிறவன் பக்கத்துல தேவாரம் பாடணும். இவன் கப்பல் கேக்கறான்," என்றார் அப்பாசாமி. படுத்திருந்தவனுக்கு அண்ணன் அவர்.

"தேவாரம் சாயங்காலம் பாடிக்கலாம் அண்ணே," என்று உள்ளேயிருந்து விநாயகத்தின் குரல் மெலிந்து வந்தது. "ஆட்டத்தைப் பாதியில விட்டா, நான் பயந்து செத்தேன்னு இந்த மார்செல் ஊர் பூரா சொல்லுவான்."

"கட்டாயம் சொல்லுவேன்," என்றான் மார்செல், தீவின் கிரியோல் பேச்சில்.

பக்கத்து ஊரான ஃப்ளாக்கிலிருந்து வந்த டாக்டர் முந்தின நாளே கைவிரித்துவிட்டார். உறவுக்காரர்கள் முற்றத்தில் கூடி, அழுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரும்பு பயிரிடுகிற விநாயகமும் மீன் பிடிக்கிற மார்செலும் முதல் உலகப்போரின்போது சுமைகூலிப் பட்டாளத்தில் பாஸ்ரா துறைமுகத்துக்குப் போனவர்கள். மூட்டை சுமந்ததுதான் அவர்கள் பார்த்த போர். அங்கே காயம்பட்ட மாலுமிகள் ஆஸ்பத்திரித் தரையில் தீப்பெட்டிகளைக் கப்பலாக்கி ஆடிய ஆட்டத்தை இருவரும் கற்றுக்கொண்டு வந்தார்கள். முடிச்சுப் போட்ட கயிறால் தூரம் அளக்கணும், பகடை உருட்டிச் சுடணும். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒருவர் படையை ஒருவர் மூழ்கடித்தார்கள்.

"இலை போட இடமில்ல, இதுல கடலாம்," என்று விநாயகத்தின் மனைவி பாக்கியம் முணுமுணுக்காத வாரமில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவில் விநாயகம் படுக்கையில் விழுந்த பிறகு, தினமும் ஒவ்வொரு கப்பலாக எடுத்துத் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தவள் அவள்தான். அது யாருக்கும் தெரியாது.

மேசை கட்டிலோடு சேர்ந்தது. விநாயகம் பகடையை எடுக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை.

"பாக்கியம், நீ போடு."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"அடுப்படியில உனக்குக் காது கேக்காமலா இருந்துச்சு?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மார்செலின் பெரிய பீரங்கிக் கப்பல் பாறைக்கு உள்பக்கம் நின்று விநாயகத்தின் துறைமுகத்தை அடித்துக்கொண்டிருந்தது. விநாயகத்துக்கு மிஞ்சியது டார்ப்பிடோ படகு ஒன்றுதான், அதுவும் பாறைக்கு வெளியே.

"பாறையைச் சுத்திக் கொண்டா. வேற வழியில்ல," என்றார் விநாயகம்.

பாக்கியம் கயிற்றை எடுத்தாள். அளந்தாள். பிறகு இரண்டு பவளத் துண்டுகளுக்கு நடுவே விரலை வைத்தாள்.

"இதுல போகலாமே."

"ஆயோ, மதாம்! அதுல நண்டுகூடப் போகாது!"

"இடிக்காமப் போனா செல்லும்னு நீங்கதானே சொன்னீங்க? போன பொங்கலப்ப, என் வடையைத் தின்னுக்கிட்டே சொன்னீங்க."

அவள் படகை ஒரு விரலால் தள்ளினாள், தூங்குகிற பிள்ளையை நகர்த்துவதுபோல. பவளம் அசையவில்லை. படகு உள்ளே வந்துவிட்டது.

"ஆறு விழணும்," என்றான் மார்செல். பாக்கியம் பகடையை உருட்டினாள்.

ஆறு விழுந்தது.

"அடிப்பாவி!" என்றார் விநாயகம். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, இருமலாகி, மறுபடியும் சிரிப்பானது. பாக்கியத்துக்கும் அடக்க முடியவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாசாமி, "முங்கிச்சா? பெரிய கப்பலா முங்கிச்சு?" என்று கேட்டுவிட்டு, சேதி சொல்ல முற்றத்துக்கு ஓடினார்.

மார்செல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இது செல்லாது. அந்த மாதிரி இடுக்குல அலை அடிக்கும். நான் கடல்ல பொழைக்கிறவன்."

"துணியில ஏது அலை?"

"இருக்கறதா நெனச்சுக்கணும், மதாம்!"

"தோத்த பெறகா நெனக்கிறது? ஏங்க, நீங்களே சொல்லுங்க," என்று திரும்பினாள்.

விநாயகத்தின் வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. மார்பு ஏறி இறங்கவில்லை.

மார்செல் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். வெளியே போய்ச் சொல்ல எழுந்தவனின் சட்டைக் கையைப் பாக்கியம் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. வெளியில இருக்கறவங்க சிரிச்சு முடிக்கட்டும்."

ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. அப்பாசாமி மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, தோளை ஒடுக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, உறவுக்காரர் இருவருக்கு நடுவே இடிக்காமல் நுழைந்துகொண்டிருந்தார்.