போகிற பக்கம் மட்டும்

எங்கள் ஊர் வழியாகப் போகிற நெடும்பாதை மொத்தம் நூற்றி எண்பது கிலோமீட்டர். அதில் பதினெட்டு கிலோமீட்டர் என் வீட்டுக்காரருடையது. பரம்பரைச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். மரத்திலும் பாறையிலும் மஞ்சள் கோடு போட்டு, நடக்க வருகிறவர்களுக்கு வழி காட்டுகிற வேலை. தற்காலிக வேலை. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம்.

நிரந்தரமானால் சம்பளம் கொடுக்கிற துறையின் குடியிருப்பில் இரண்டு அறையும், ஜன்னல் வைத்த சமையலறையும் கிடைக்கும். இப்போது இருக்கிற ஒற்றை அறையில் நான் அடுப்பைப் பற்றவைத்தால் அவர் கட்டிலில் இருந்து இருமுவார். அந்த ஜன்னலுக்காக நான் எத்தனை மனு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லா மனுவிலும் கையெழுத்து மட்டும் அவருடையது.

கடைசியில் துறை இயக்குநர் மனம் இரங்கினார். பாதையைத் தானே நடந்து பார்த்துவிட்டு ஆணையில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ரயில் நிலையம் இந்தப் பதினெட்டு கிலோமீட்டரின் மறுமுனையில் இருப்பதால் அங்கிருந்து நடந்து வருவாராம். என் வீட்டுக்காரர் காலை பஸ்ஸில் போய், அவரைக் கூட்டிக்கொண்டு மதியம் ஒரு மணிக்குள் வந்துவிட வேண்டும்.

ஒரு மணிக்கு, பாதையின் எங்கள் முனையில் இருக்கிற அலுவலகத்தில் நான் போய்க் காத்திருந்தேன்; மேசை விரிப்பு, ஆணை, பேனா எல்லாம் தயார். மூன்று மணிக்கும் அவை மட்டும்தான் தயார்.

"அவருக்குத் தெரியாத பாதையாக்கா?" என்றார் குமாஸ்தா. "சாருக்கு எல்லாம் விளக்கமா காட்டிட்டு வருவாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கினேன். மரத்துக்கு மரம் மஞ்சள் கோடு, அளவெடுத்தாற்போல. என் புருஷன் கை சுத்தம் என்று பெருமைப்பட்டுக்கொண்டே போனேன். கூப்பிடுகிற சத்தம் கேட்டதோ என்று ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன். நான் கடந்து வந்த மரங்களில் ஒன்றில்கூடக் கோடு இல்லை.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. இந்த மனுஷன் பன்னிரண்டு வருடமாக இந்த முனையிலிருந்து, எதிரே தெரிகிற பக்கத்தில் மட்டும் கோடு போட்டுக்கொண்டே போய், அந்த முனையில் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பியிருக்கிறார். ஒரு நாளும் நடந்து திரும்பியதில்லை. அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லாம் சட்டை கிழிந்து, முள் குத்தி அலுவலகம் வந்து சேர்வார்கள். "மேப் பாக்கத் தெரியாதவங்க நடக்க வந்தா இப்படித்தான்," என்பார் இவர். நானும் தலையாட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருந்தது.

அலுவலகத்துக்கு ஓடிப்போய் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டேன். நடந்துகொண்டே ஒவ்வொரு மரத்துக்கும் மறுபக்கம் ஒரு கோடு இழுத்தேன். என் கோடு ஒன்றும் நேராக இல்லை.

ஒரு மணி நேரம் நடந்தபின், கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தின் பக்கமிருந்து பேச்சுக்குரல் கேட்டது. இயக்குநர் ஒரு கல்லில் உட்கார்ந்து காலுறையிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பள்ளத்தை நோக்கிக் கை நீட்டியிருந்தார்.

"இங்க காத்து நல்லா வரும் சார். அதான் கொஞ்சம் சுத்திக் கூட்டிட்டு வந்தேன்."

"மூணு மணி நேரமா காத்துதான் வாங்குறோம்," என்றார் இயக்குநர்.

நான் முன்னால் நடந்தேன். இருவரும் பின்னால் வந்தார்கள். இயக்குநர் ஒரு மரத்தில் கை ஊன்றினார். உள்ளங்கை மஞ்சளானது.

"இது எப்போ போட்டது?"

"இப்பதான் சார். நான் போட்டேன்," என்றேன். "இந்தப் பக்கம் கோடே இல்ல சார்."

என் வீட்டுக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். வேலை போயிற்று, ஜன்னலும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இயக்குநர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே நடந்தார். இரண்டு பக்கமும் சரிபார்த்ததாக வருடாவருடம் அறிக்கை போயிருக்கிறது. பன்னிரண்டு அறிக்கையிலும் இயக்குநருடைய கையெழுத்துதான் இருக்கிறது.

"பாதை நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "இவரோட ஆர்டர் டைப் அடிச்சாச்சு, அதை மாத்த வேணாம். திரும்புற பக்கத்துக்குத் தனியா ஒரு ஆள் போட்டுடலாம். நீங்களே செய்யுங்கம்மா, கை பழகிடுச்சு. தற்காலிகமாத்தான். பன்னெண்டு வருஷம் போகட்டும், பாக்கலாம்."

"பாத்தியா," என்றார் என் நிரந்தர வீட்டுக்காரர், முகமெல்லாம் பல்லாக. "உனக்கும் வேலை கிடைச்சிடுச்சு."

மிச்ச பெயிண்டை அவர் தலையில் கவிழ்க்கத்தான் கை துடித்தது. ஆனால் அவசரத்தில் நான் விட்டுவிட்டுப் போன மரங்கள் வழியில் நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கோடு இழுத்தேன். நான் இழுத்து முடிக்கும்வரை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், இரண்டு நிரந்தர ஊழியர்களும் என் பின்னால் காத்துக்கொண்டு நின்றார்கள்.