பொறுத்தேன் என்னும் சொல்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைமுகடுகளில் மாசி மாதத்து மாலை வெயில் மங்கிச் சாய, ஏரி நீர் பொன்னிறம் பூண, கடைவீதியின் இரைச்சல் மெல்லத் தணிந்து அடங்கிய வேளையில், மஹய்யாவக் குடியிருப்பின் நெருங்கிய வீடுகளுக்கு நடுவே, அம்மன் கோயில் முன்றிலில் கூத்துக்கான முழவு ஒலிக்கத் தொடங்கிற்று.

கற்றறிந்த பெருமக்களே, அக்கூத்தின் கதை சிறிது. பகைவர் துரத்த ஓடிவந்த மன்னன் ஒருவன், தன் உயிர்த்தோழனாகிய கோட்டைத் தலைவனின் வாயிலில் நின்று கதவைத் தட்டுகிறான். பகைவரின் பொன்னுக்கு விலைபோன தோழனோ திறவாதிருந்துவிடுகிறான். வெட்டுண்டு வீழ்ந்த மன்னன், பின்னர் வந்து அழுது புரளும் அவனை நோக்கிப் 'பொறுத்தேன்' என்னும் ஒரு சொல்லை உரைத்து உயிர் விடுகிறான். காப்புக் கட்டி நோன்பிருந்து ஆடுவோர் அம்மன் முன் கூறுவது மெய்யாகும் என்றும், அங்கே பொறுத்ததை வீட்டுக்குப் போய்த் திரும்பப் பெற முடியாது என்றும் அம்மக்கள் நம்பினர். ஆண்டுதோறும் வீரையா மன்னனாகவும், அவன் நண்பன் கணபதி அந்த இரண்டகனாகவும் ஆடிவந்தனர்.

ஆனால் அம்மாசிக்கு முந்தைய ஆடிமாதத்தில் தமிழர்மீது மூண்ட கலவரத்தில் நடந்தது கூத்தன்று. கட்டுகஸ்தோட்டைக் கடையொன்றில் வேலை செய்த வீரையாவின் தம்பி சின்னமுத்து, வெறிகொண்ட கூட்டம் துரத்த ஓடிவந்து, அவ்வூரில் குடியிருந்த கணபதியின் கதவைத் தட்டிக் கூவினான். கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டு றவூப் அக்குரல் கேட்டுத் தெருவைக் கடந்து ஓடிவருவதற்குள், சின்னமுத்து வாசற்படியிலேயே அடிபட்டு இறந்தான். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று கணபதி சாதித்தான். தெருவுக்கு அப்பால் இருந்தவனுக்குக் கேட்ட குரல் கதவுக்குப் பின்னால் நின்றவனுக்குக் கேட்கவில்லையாம்! இதைச் சொல்ல அவனுக்கு நாக்கூசவில்லை. எழுதும் எனக்குத்தான் நெஞ்சு எரிகிறது.

ஊரார் அவன் கையால் தண்ணீரும் வாங்காது ஒதுக்கவே, கணபதி ஒரு வழி கண்டான். பழைய வேடத்தையே தனக்குத் தரும்படி பெரியவர்களின் காலைப் பிடித்தான். கூத்தில் வீரையா 'பொறுத்தேன்' என்று சொல்லிவிட்டால் ஊர் வாயடைத்துப்போகும் என்பது அவன் எண்ணம். ஆட்டம் நின்றால் அம்மனுக்கு ஆகாது என்று பெரியவர்களும் மன்றாட, வீரையா மறுபேச்சின்றிக் காப்புக் கட்டி முடி சூடினான்.

கதை கடைசிக் கட்டத்தை எட்டியது. வீழ்ந்து கிடந்த மன்னனின் காலைப் பற்றி, "மன்னவா, என் பிழை பொறுத்தருள்வாய்" என்று கணபதி பாடி அழுதான். முழவு நின்றது. வீரையா தலையை நிமிர்த்தி, மன்னனின் மொழியை விட்டுத் தன் வீட்டு மொழியில் கேட்டான்.

"கணபதி, என் தம்பி கூப்பிட்டது ஒனக்குக் கேட்டுச்சா, இல்லியா? கையில காப்பு இருக்கு. அம்மனப் பாத்துச் சொல்லு."

பற்றிய காலை விட்டுக் கணபதி பின்வாங்கினான். பொய் சொல்ல அம்மனுக்கு அஞ்சினான். மெய் சொல்ல ஊருக்கு அஞ்சினான்.

"பயந்துட்டேன்னு அன்னைக்கே வந்து அழுதிருந்தா, நானே பொறுத்திருப்பேன்" என்று கூறிய வீரையா, மண்ணில் தலை சாய்த்துக் கண்களை மூடினான்.

அஞ்சிக் கதவடைத்தவனை உலகம் பொறுக்கக்கூடும். இறந்தவனின் குரலையே இல்லையென்றவன் எந்த வாயால் பொறுத்தருளக் கேட்பான்? அவ்வாண்டு முதல் அக்கூத்தில் மன்னன் வாய் திறவாமலே மாய்கிறான். ஏனென்று ஊரில் எவரும் கேட்பதில்லை.