பட்டியலில் முதல் பெயர்

“என் டிகிரி சர்டிபிகேட்டத் திருப்பிக் குடுங்க இபு.”

மனிதவளப் பிரிவுத் தலைவி இபு ஹெஸ்தியிடம் கேட்டுவிட்டேன்; இபு என்றால் இங்கே மேடம் மாதிரி. இந்த அலுவலகத்தில் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சேர்ந்த வாரமே யுனியார் சொல்லியிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி, வரலாறு படித்துவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டவள். எங்களுக்கு முன்னால் ஒருவன் கேட்டானாம். தேடிப் பார்க்கிறோம் என்றார்களாம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அசல் பட்டத்தைப் பல்கலைக்கழகம் ஒரு தடவைதான் தரும். தொலைந்தால், தொலைந்தது என்று ஒரு கடிதம் தருவார்கள். அதைக் காட்டி எந்தக் கம்பெனியில் நுழைவது?

வேலைக்குச் சேரும்போது அசலை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொள்வது எங்கள் சுராபாயா நகரத்தில் அதிசயமில்லை. செருப்புக் கடையில்கூடக் கேட்கிறார்கள். நானும் கொடுத்தேன். மலாங்கில் நான்கு வருடம் மீன்வளம் படித்து, இறால் குட்டையில் முழங்கால் சேற்றில் நின்று வாங்கிய பட்டம். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளியைத் தாண்டியதில்லை. ஒன்பது மாதம் வேலையில்லாமல் கிடந்தபோதுதான் ‘நிதி ஆய்வாளர் தேவை, எந்தப் படிப்பானாலும் சரி’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. எந்தப் படிப்பானாலும் சரி என்றால் படிப்பே தேவையில்லை என்று அர்த்தம். அது அன்று உறைக்கவில்லை.

முதல் நாள் பயிற்சியில் ஒரு தாள் கொடுத்தார்கள். தெரிந்த ஐம்பது பேரின் பெயர், தொழில், கையிருப்பு, தொலைபேசி எண். சந்தையைப் புரிந்துகொள்ளும் பயிற்சியாம். பரீட்சை என்றாலே முதலாவதாக வந்து பழகியவள் நான். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. முதல் வரியில் அம்மா: சுலாஸ்மி, கெஞ்செரான் கடற்கரையில் புகையிட்ட மீன் விற்பவர், ஹஜ் சேமிப்பு. அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அந்த ஐம்பது பேரையும் தங்கம் ஏறுமா இறங்குமா என்ற பந்தயத்தில் இழுத்துவிடுவதுதான் ஆய்வாளர் வேலை. அம்மாவைத் தொடாமல் இருக்கத்தான் பட்டியலைக் கடைசியிலிருந்து கூப்பிட்டு வந்தேன். முப்பத்தெட்டாவது பெயர் என் பள்ளி ஆசிரியர். அவர் போட்ட பணம் ஒன்பதே நாளில் கரைந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன் பிறகுதான் இந்த வேலை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இபு ஹெஸ்தி சலாக் பழம் உரித்துக்கொண்டிருந்தார். கோபப்படவே இல்லை. எழுந்து அலமாரியைத் திறந்து, என் பெயர் எழுதிய பச்சை ஃபைலை மேசையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“தர்றேன். உங்கம்மா வந்து கையெழுத்துப் போட்டதும் தாராளமா எடுத்துட்டுப் போ.”

“எங்கம்மா எதுக்கு இங்க வரணும்?”

“நான்தாம்மா போன் பண்ணேன். பொண்ணோட ஆபீஸப் பாக்கப் போறோம்னு அவ்ளோ சந்தோஷம் அவங்களுக்கு. பாஸ்புக்கையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். மூணே மாசத்துல ரெட்டிப்பாயிடும்னேன். ‘வின் சொன்னாளா?’ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.”

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அடுத்த மாதம் ஹஜ்ஜுக்குப் பெயர் பதிய இருந்தாள். பதிந்த பிறகும் இருபது முப்பது வருடம் காத்திருக்க வேண்டிய வரிசை அது. இன்று அந்தச் சேமிப்பு போனால் வரிசையில் நிற்கவே முடியாது.

அம்மாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. பைக்கில் வரும்போது அவள் எடுக்கமாட்டாள்.

“ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு? நீ ஒண்ணும் பேச வேணாம் வின். அவங்க பக்கத்துல சும்மா நின்னாப் போதும்.”

உண்மைதான். நான் சும்மா நின்றாலே அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்பாள். நான் தலையாட்டினால் போதும்.

பட்டம் இருந்த ஃபைலைப் பார்த்தேன். அது இல்லாமல் வெளியே போனால் நான் வெறும் பள்ளிப் படிப்புக்காரி. இறால் தீவனக் கம்பெனி, மீன்வள அலுவலகம், எங்கே போனாலும் அசலைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரே ஒரு கையெழுத்து. எல்லாப் பணமுமா போய்விடும், கொஞ்சமாவது மிஞ்சாதா என்று மனம் கணக்குப் போட்டது. ஆசிரியருக்கு போன் செய்த அன்றும் இதே கணக்கைத்தான் போட்டது. இபு ஹெஸ்தியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடி. ஜன்னல் வழியே பார்த்தால் வாசல் தெரியும். அம்மா பைக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் உடுத்தும் ஊதா பாத்திக். கையில் ஒரு பொட்டலம், ஆபீஸ்காரர்களுக்கு மீன் கொண்டுவந்திருப்பாள். காவலாளி ஏதோ கேட்டார். அவள் பையைத் துழாவித் தன் அடையாள அட்டையை எடுத்து, அவர் சொல்வதற்கு முன்பே, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, பார்வையாளர் சீட்டைத் தேட ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன்.

“எங்க போற? சர்டிபிகேட் வேணாமா?”

“நீங்களே வச்சுக்குங்க.”

“வாசலத் தாண்டினா இது தொலைஞ்சுபோச்சுன்னு வச்சுக்கோ.”

கதவைத் திறந்தேன். வழியில் யுனியார் தலையைத் தூக்கிப் பார்த்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். முதலில் அம்மாவின் அட்டையை அந்தப் பெட்டியிலிருந்து வாங்க வேண்டும் என்று நினைத்தபடி இறங்கினேன்.