ஆறு இருக்கை

பட்டறையில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர். காசில் தாராளமான மனிதர்தான். கிராம் கணக்கில்தான் கை வராது. ஓடுபாதை இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே நேராக மேலெழும்பி, கம்பெனி வேலையாக ஊர் ஊராக அலைகிறவர்களைக் கொண்டுபோகும் விமானம் ஒன்றை ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் எடைக்கு அவர் பொறுப்பு. ஒரு திருகாணி கூடினாலும் ஏன், எதற்கு என்று பிராணனை வாங்குவார்.

அன்று மத்தியானம் ஆறு பேரின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, விமானத்தைச் சங்கிலியால் தரையோடு பிணைத்து எழுப்பினார்கள். முழங்கால் உயரம் வந்து, அங்கேயே நடுங்கியது. எஞ்சின் கொதிக்கிறது என்று விமானி இறக்கிவிட்டார். மூட்டைகளைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததில், நான்கு பேர் எடையோடுதான் சங்கிலி விறைக்க மேலே போனது.

ஆறு பேர் போகலாம் என்று முதலாளியம்மா ஊரெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தார். காலைக் குளிரில் எஞ்சினுக்குத் தெம்பு கூடும், அப்போது ஒருமுறை தூக்கிக் காட்டி அதை மட்டும் அறிக்கையில் போடலாமே என்று விற்பனை மேலாளர் இழுத்தார். கையெழுத்துப் போடவேண்டியவர் கஞ்சன். போட்டுத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை.

"காலைல போறவங்க மத்தியானம் திரும்பி வர வேண்டாமா?" என்றார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

முதலாளியம்மா விமானத்துக்குள் ஏறி, மணல் சிந்திய இருக்கையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கஞ்சனைக் கூப்பிட்டார்.

"நாலு பேருக்குன்னா, திரும்ப எல்லாத்தையும் வரையணும். எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு வருஷம் ஆகும்மா."

"நீங்க இருப்பீங்களா?"

வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இந்த வருடத்தோடு முடிந்துவிடும் என்று மனைவியிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறை அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்று சாயங்காலம் மட்டும் முழுதும் கேட்டாள்.

"போங்க," என்றாள். "பாதில விட்டுட்டு வீட்ல இருந்தா, நான் குழம்புக்குப் போடுற உப்பை எடை போடுவீங்க."

சிரிக்க நினைத்தார், கொட்டாவிதான் வந்தது.

மறுநாள் ஒன்றாகப் பிணைந்திருந்த பின்னிருக்கைகள் இரண்டையும் அப்படியே கழற்றினார்கள். கஞ்சன் ஒரு பக்கம் தூக்கினார். விற்பனை மேலாளர் வந்து மறுபக்கம் பிடித்தார். பட்டறை வாசலுக்குப் போவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. நடுவழியில் இறக்கி வைத்துவிட்டு, அதன்மேலேயே சற்று உட்கார்ந்தார்கள்.